கோயில்பாருக்குக் கவ்வாத்து

இலங்கையைச் சுற்றிக் கடல் இருக்கிறது என்பது பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும். அந்தக் கடலை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காமல், கந்தப்பளைக்கு மேலே பனிமூட்டத்துக்குள் நின்றுகொண்டு, காதை மூடும் கம்பளித் தொப்பியோடு அதை நிர்வாகம் செய்த மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் கடல் கண்டாக்கு. உலகத்தில் இப்படி இன்னொருவர் இருப்பதாக யாராவது எழுதிப் போட்டால் நான் நம்பப் போவதில்லை, தபால் செலவுதான் மிச்சம்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் கண்டாக்கு என்றால் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் தொரைக்குக் கீழே, மலையில் நடக்கிற வேலையை எல்லாம் பார்க்கிற உத்தியோகஸ்தர். விடிந்ததும் ஆட்களைப் பெரட்டுக் களத்தில் கூட்டிவைத்துப் பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குப் போவது என்று பிரித்து அனுப்புவார். அரைக்காற்சட்டை, முழங்கால் வரை மேசு என்கிற கம்பளிக் காலுறை, கையில் ஒரு தடி, கழுத்தில் விசில். இந்த உருவத்தைக் கொண்டுபோய்க் கடல் ஆராய்ச்சியில் வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை.

கடல் ஆராய்ச்சி கந்தப்பளைக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வந்தது. பழைய தோட்டத்துப் பங்களா ஒன்றின் வாசலில் ஒரு நாள் மூன்று மொழிகளில் பலகை மாட்டினார்கள்: பவளப்பாறை மற்றும் மீன்வள முகாமைத்துவ ஆய்வு நிலையம். மரக்கறி லொறிக்காரர்கள் நிறுத்தி விசாரித்தார்கள். "பவளம்ங்கிறது புது ஜாதி உருளைக்கெழங்குங்களா?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். நான் அங்கே கிளாக்கர்.

காரணம் எங்கள் டொக்டர். மீன் படிப்புப் படித்த டொக்டர். அவருக்குக் கடல் என்றால் உயிர், ஆனால் கடற்காற்றுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. கரையில் காலை வைத்தால் உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, அவரே ஒரு பேத்தை மீன் மாதிரி ஆகிவிடுவார். ஆகவே கிழக்குக் கரையில் பையன்கள் முக்குளித்துப் படம் எடுத்து அனுப்புவார்கள், இவர் மலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அந்தப் படங்களைப் பார்த்துக் கண்ணீர் விடுவார். கொழும்புத் தமிழர். அவருடைய தமிழ் 'வணக்கம்' என்ற சொல்லில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடும். சுற்று வட்டாரத்துத் தொழிலாளர் லயங்களில் டொக்டர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு முழங்கால் வலிக்காரர்களும் இருமல்காரர்களும் வாசலில் வரிசையாக உட்கார்ந்தது தனிக் கதை. கொஞ்ச நாளில் அவரும் மனம் நொந்து மேசை லாச்சியில் காய்ச்சல் குளிசை வாங்கி வைத்துக்கொண்டார்.

இந்த இடத்துக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். நம் ஆள் வந்தார். அவர் இருந்த தோட்டத்தில் பாதி மலை காடாகிப் போய், மேய்க்க ஆள் இல்லாமல் வேலையை விட்டவர். நேர்முகத்தில் நானும் இருந்தேன்.

டொக்டரோடு பேச்சு எப்போதும் ஆங்கிலத்தில்தான், நான் தமிழில் தருகிறேன். அவர் கேட்டார்: "ஃபீல்டில் அனுபவம் உண்டா?"

"ஃபீல்ட் தவிர வேற எதுவும் தெரியாதுங்க சேர்."

"எவ்வளவு ஆழம் வரைக்கும் இறங்கியிருக்கிறீர்கள்?"

"கீழ் மலையில ஆத்துக்கிட்ட வரைக்கும் எறங்குவேன் சேர். மழை நாளையில அட்டை புடுங்கும், ஆனா ஒரு நாள் லீவு போட்டதில்ல."

டொக்டருக்கு ஆறு, அட்டை எல்லாம் கடலுக்குள் இருக்கிற ஏதோ இடங்களின் பெயர் என்று தோன்றியிருக்க வேண்டும். எழுந்து நின்று கை கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையே பங்களாப் போர்ட்டிகோவில் பெரட்டு தொடங்கியது. நான், சமையல்காரர், தோட்டக்காரர் மூன்று பேரும் வரிசையில் நிற்க வேண்டும். விசில் ஊதிப் பெயர் கூப்பிடுவார். எதிரே நின்று அவருடைய மூக்குமயிரை எண்ணிக்கொண்டிருக்கும் என்னையும் கத்திக் கூப்பிடுவார். "ஆஜர்" என்று சொல்லாவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் போடுவேன் என்று மிரட்டல் வேறு.

டொக்டரின் பவளப்பாறைகளுக்கு நீளமான லத்தீன் பெயர்கள் இருந்தன. கண்டாக்கு அவை எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு ஏழாம் நம்பர் மலை, எட்டாம் நம்பர் மலை என்று பெயர் வைத்தார். வெப்பத்தால் வெளுத்துப்போன பவளத்தின் படம் வந்தால், "உரம் காணாது சேர், யூரியா போடச் சொல்லுங்க" என்பார். கிழக்குக் கரையில் பவளப் பாறையை முருகைக்கல் என்பார்கள். அந்தச் சொல்லைக் கண்டதும் நம் ஆளுக்கு அது முருகன் சமாசாரம் ஆகிவிட்டது. ஆராய்ச்சிக்கு வந்த ஒரு துண்டுக் கல்லுக்கு மறுநாள் திருநீறு, சந்தனம், ஒரு செவ்வந்திப் பூ. நுண்ணோக்கிக் கண்ணாடியில் அப்பியிருந்த குங்குமத்தைப் புது வகைப் பாசி என்று டொக்டர் ஒரு காலைப் பொழுது முழுக்க ஆராய்ந்தார்.

பவளத்தைத் தின்று தீர்க்கிற ஒரு முள் நட்சத்திர மீன் இருக்கிறது. அதன் படத்தை வைத்துக்கொண்டு டொக்டர் தலையில் கை வைத்திருந்தார். கண்டாக்கு எட்டிப் பார்த்தார்.

"அட்டை மாதிரிதானேங்க சேர். கொஞ்சம் உப்பைத் தூவச் சொல்லுங்க, தன்னால விழுந்துரும்."

"அது கடலுக்குள்தானே ஐயா இருக்கிறது!"

கண்டாக்கு தாடையைத் தடவினார். "அப்ப உப்பு பத்தலீங்க சேர்."

இவரைப் பார்த்து நான் சிரித்த சிரிப்புக்குக் கணக்கே இல்லை. ஆனால் ஒரு நாள் சிரிப்பு தொண்டையில் நின்றுவிட்டது. அது கோயில்பார் கூட்டம்.

பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத் திட்டு. கிழக்குக் கரையில் ஒரு மீனவக் கிராமம், பெயர் வேண்டாம். அங்கே மாதா கோயிலுக்கு நேரெதிரே இருப்பதால் கோயில்பார். அந்த ஊரின் அடுப்பு எரிவது அந்தப் பாரை நம்பித்தான். அடித்துப் பிடித்து மீன் குறைந்து, பவளமும் நொறுங்கத் தொடங்கியிருந்தது. மேலிடத்து அதிகாரி ஒருவர் கறாராகச் சொல்லிவிட்டார்: ஊர்க்காரர்களே பேசி ஒரு பருவத்துக்குப் பாரை அடைத்து, அவர்களே காவல் இருக்க வேண்டும், முடியாது என்றால் அது நிரந்தரமாக மூடப்படும், அப்புறம் ஒரு தூண்டிலும் போட முடியாது. முடிவு அன்றைய கூட்டத்திலேயே. டொக்டரால் கீழே போக முடியாது என்பதால் ஊர் மேலே வந்தது, அதிகாரியும் வந்தார்.

வந்தவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேலே நுவரெலியா நடைபாதைக் கடையில் வாங்கிய பெண்பிள்ளை ஜாக்கெட்டுகள், பூப்போட்ட மஃப்ளர்கள். பல்லெல்லாம் தந்தியடிக்கிறது. அவர்களுக்குத் தலைவி மரியாக்கா. மீனவர் சங்கத்தின் தலைவி, நாற்பது வயதிருக்கும், குளிருக்கும் அதிகாரிக்கும் ஒரே முறைப்புத்தான். வந்ததும் வராததுமாக என்னிடம் கேட்டார்:

"ஏன் தம்பி, மேகத்துக்குள்ள ஏறி இருந்துகொண்டா எங்கட மீனைப் பாக்கிறீங்க?"

நான் இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் தாழ்ந்த குரலில் சொன்னதுதான் விஷயம். முன்பு ஒரு ஹோட்டல்காரர் வந்து கொஞ்ச நாளைக்கு என்று சொல்லிக் கரையில் ஒரு கயிறு கட்டினாராம். கயிறு வேலியானது, வேலி மதில் ஆனது. "அடைக்கிறதுக்கு எங்களுக்கு விருப்பமில்லாம இல்ல தம்பி. மீன் பெருகினா எங்களுக்குத்தானே நல்லம். அடைச்சவன் திறக்கிறதை மட்டும் நாங்க இன்னும் காணல்ல."

கூட்டம் தொடங்கியது. டொக்டர் எழுந்து ஆங்கிலத்தில் உருக்கமாகப் பேசினார். பாருக்கு ஒரு பருவம் ஓய்வு வேண்டும், அதற்குள் அது துளிர்க்கும், பிறகு திறப்போம் என்றார். உட்கார்ந்தார். கண்டாக்கு எழுந்து கால் மேசு இரண்டையும் முழங்காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சேர் என்ன சொல்றாருன்னா, ஒங்க கோயில்பாருக்கு இந்த வருசம் கவ்வாத்துங்க."

தேத்தண்ணிக் கோப்பைகள் எல்லாம் கீழே இறங்கின.

"என்ன? கவாத்தா?" என்றார் மரியாக்கா.

"ஆமாங்க. ஒரு மூலை விடாம."

பின்வரிசையில் ஒருவர் எழுந்து துப்பாக்கியைப் பற்றிக் கேட்டார். "துவக்கோடயா வருவாங்க?"

"துவக்கு எதுக்குங்க? கத்திதான். நல்லா சாணை புடிச்ச கத்தி. பட்டா படக்குன்னு விழுகணும். இதுக்கு ஆம்பளைங்கள மட்டுந்தான் எறக்குவோம்."

"எவ்விடத்தில வெட்டுவாங்க?"

"இடுப்பு உசரத்துக்குங்க. வயசானதுன்னா இன்னுங் கொஞ்சம் கீழ எறக்கிருவோம்."

முன்வரிசையில் இருந்த கிழவர் சாரத்தை அள்ளிப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்தார். அவ்வளவுதான், கூட்டம் சந்தைக்கடை ஆகிவிட்டது. நாற்காலிகள் விழுந்தன. அதிகாரி சிங்களத்தில் என்ன என்ன என்று கத்த, டொக்டர் மலர்ந்த முகத்தோடு என் காதில், "எவ்வளவு ஆர்வமாகப் பங்கெடுக்கிறார்கள் பார்த்தாயா?" என்றார்.

என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. தோட்டத்தில் கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை மட்டமாக வெட்டி, துளிர்க்கும்வரை சும்மா விடுவது. இதைவிடச் சாதாரணமான சொல் எங்களுக்குக் கிடையாது. கரையில் இருப்பவர்களுக்குக் கவாத்து என்றால் படை வரிசையாக நின்று பழகுகிற பயிற்சி. ஊருக்கு முன்னால் கடலில் கத்தியோடு ஆண்பிள்ளைப் படை இறங்கி, ஆட்களை இடுப்பு உயரத்துக்குச் சீவப் போகிறது என்று அவர்கள் நினைத்தால் குற்றம் யாருடையது? நான் மேசைமேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தி விளக்கினேன்.

கண்டாக்குக்கு முகம் செத்துவிட்டது. "அய்யோ, நான் செடியைத்தாங்க சொன்னேன்" என்றவர், மரியாக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க, காட்டுறேன்" என்று விசிலை ஊதிக்கொண்டு வெளியே நடந்தார். எல்லோரும் பின்னாலேயே போனோம்.

பங்களாவுக்குக் கீழே அப்போதுதான் கவ்வாத்து வெட்டிய மலை. ஒரு இலை இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் குச்சி. "இப்பிடியா எங்கட பார் ஆகப்போகுது!" என்று மரியாக்கா நெஞ்சில் கை வைத்தார். காரியம் கெட்டது என்று நினைத்தேன். அதற்கு அடுத்த மலையில் கொழுந்து பச்சைப் பசேல் என்று நின்றது, பெண்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கண்டாக்கு விளக்க வாயைத் திறந்தார். மரியாக்கா அவரைத் தள்ளிவிட்டு, கூடையோடு நின்ற ஒரு பெண்ணிடம் நேரே போனார்.

"தங்கச்சி, இதையும் இப்பிடித்தான் அடைச்சவங்களா?"

"ஆமாங்கக்கா. இதுவும் குச்சியாத்தான் கெடந்துச்சு."

"பிறகு திறக்கச் சொல்லிக் கேட்டு அலைஞ்சீங்களோ?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "கொழுந்து வந்தா எடுக்கத்தானேக்கா வேணும்? முத்த விட்டா யாருக்கு லாபம்? வந்த அன்னிக்கே கண்டாக்கு பெரட்டுல பேர் கூப்பிட்டுருவாரு." பிறகு நம் ஆளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "ஆனா இந்தக் கண்டாக்கு ஜாதி எடை நிறுக்கிறப்ப கொஞ்சம் பாத்துக்கங்கக்கா."

கண்டாக்கு வானத்தைப் பார்த்தார். மரியாக்கா முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்துவிட்டுக் கண்டாக்கு முன்னால் வந்து நின்றார்.

"எங்கட பாரை யார் திறப்பாங்க? இந்தத் துரை கீழ வரமாட்டார். அந்தத் துரை மாத்தலாகிப் போயிருவார். யாரிட்ட போய்க் கேக்கிற?"

கண்டாக்கு யோசிக்கவே இல்லை. "நான் தொறப்பேங்க. அடைக்கச் சொன்ன வாயி என்னோடதுதானே."

"நீங்க கடலைக் கண்டிருக்கிறீங்களா?"

"படத்துல பாத்திருக்கேங்க."

ஊர்க்காரர்கள் குச்சி மலைக்கு நடுவே வட்டமாக நின்று நடுங்கிக்கொண்டே பேசினார்கள். பிறகு மரியாக்கா வந்து தீர்ப்புச் சொன்னார்: பாரை அடைக்கிறோம், ஆனால் திறக்கும்வரை இந்த மனிதர் எங்களிடம் பிணையாக இருக்க வேண்டும். பணயக்கைதி என்று சொல்லவில்லை, அர்த்தம் அதுதான். டொக்டர் பூரித்துப்போய் அதைச் சமூகம் சார்ந்த கண்காணிப்பு முறை என்று அறிக்கையில் எழுதிக்கொண்டார்.

கண்டாக்கு ஒரு கம்பளி, தேயிலைத் தூள் பொட்டலம், ஒரு கட்டு மேசு, விசில் சகிதம் அவர்களுடைய வேனில் ஏறினார். ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது. குரலே அடங்கிப்போயிருந்தது.

"தம்பி, கடல்னு சொன்னீங்களே தவிர இம்புட்டுத் தண்ணின்னு ஒருத்தரும் சொல்லலியே."

"பயமா இருக்குதா ஐயா?"

"பயமில்ல தம்பி. இவ்வளவு பெரிய மலைக்கு ஒரு வேலி இல்ல, ஒரு நம்பர் பலகை இல்ல. என்ன நிர்வாகம் இது?"

அங்கேயும் பெரட்டுத்தான். விடிந்ததும் கடற்கரையில் விசில். படகு படகாகப் பெயர் கூப்பிட்டு, நீ வடக்கே போ, நீ தெற்கே போ, கோயில்பார்ப் பக்கம் தலை வைத்தும் படுக்காதே. முதலில் சிரித்தார்களாம். பிறகு தன் படகின் பெயரைக் கூப்பிட மறந்தால் கோபித்துக்கொள்கிற அளவுக்குப் போய்விட்டது. திருட்டுத்தனமாகப் பார்ப் பக்கம் திரும்புகிற படகைத் துரத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடுவார். முழங்காலுக்குத் தண்ணீர் வந்ததும் அரைக்காற்சட்டை நனையுமே என்று நின்று, மிச்சத்தை வாயால் துரத்துவார். அந்த வசவைக் கேட்கப் பயந்தே திரும்பி வந்தார்கள் என்று மரியாக்கா என்னிடம் சொன்னார்.

பருவம் முடிந்தது. முக்குளிக்கிற பையன்கள் அனுப்பிய படங்களைப் பார்த்து டொக்டர் மறுபடி கண்ணீர் விட்டார், இந்தத் தடவை சந்தோஷத்தில். பார் துளிர்த்துவிட்டது, மீன் மொய்க்கிறது. ஆனால் திறக்கும் உத்தரவு வரவில்லை. பழைய அதிகாரி மாற்றலாகிவிட்டார். புதியவர் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன என்று அரசாங்கக் கந்தோர் வாசலில் நின்ற எல்லோருக்கும் தெரியும். டொக்டர் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்விட்டார், கோயில்பாரின் வெற்றியைப் பற்றிப் பேச. நான் போனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கந்தோராகக் கெஞ்சினேன்.

கண்டாக்கு கூப்பிட்டார். "தம்பி, மரியாக்கா காலையில வந்து நான் இருக்கிற மீன்வாடிக் குடிசை வாசல்ல நின்னாங்க. கடலைப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க. பாத்துட்டுப் போயிட்டாங்க."

"கொஞ்சம் பொறுங்க ஐயா, நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்."

"இல்ல தம்பி. நாளைக்குப் பாரைத் தொறக்கிறேன்."

"அய்யய்யோ, உங்களைத் தூக்கி உள்ளே போட்டுவிடுவார்கள்! உங்களுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?"

"அதிகாரம் ஒண்ணும் இல்லதான். ஆனா சொன்னது நானில்லையா தம்பி?"

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், திட்டிக்கூடப் பார்த்தேன். போனை வைத்துவிட்டார்.

மறுநாள் நடந்ததை மரியாக்கா சொல்லித்தான் கேட்டேன். விசில் ஊதினாராம். எல்லாப் படகையும் பெயர் கூப்பிட்டு, எல்லோருக்கும் ஒரே இடம் சொன்னாராம்: கோயில்பார். பிடிப்பதென்றால் முதலில் என்னைத்தான் பிடிக்க வேண்டும் என்று, வாழ்நாளில் வள்ளத்தில் ஏறாத மனிதர், முதல் படகின் முன் முனையில் மேசும் தொப்பியுமாக ஏறி உட்கார்ந்துகொண்டார். கரையை விட்டதும் வாந்தி. வழி நெடுக வாந்தி. பாருக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்குள் மிச்சமிருந்தது விசில் மட்டும்தான்.

வலை இறங்கிய நேரத்தில் ரோந்து அதிகாரி ஒருவரின் படகு வந்தது. யார் திறந்தது என்று சிங்களத்தில் அதட்டல். கண்டாக்கு தள்ளாடி எழுந்து சல்யூட் அடித்தார். "மம தமய் சேர். கொந்தொஸ்தர." நான்தான் ஐயா, கண்டாக்கு என்றார்.

சிங்களத்தில் கொந்தொஸ்தர என்பது தோட்டத்துக் கண்டாக்குக்கும் சொல், பஸ் கண்டக்டருக்கும் அதே சொல். அதிகாரி குழம்பிப்போய் வயர்லெஸ்ஸில் மேலிடத்துக்கு அறிவித்தார்: "கோயில்பாரை ஒரு பஸ் கண்டக்டர் திறந்துவிட்டார்." மேலிடம் கேட்டது: "எந்த டிப்போ?" இவர் கண்டாக்கைக் கேட்டார், அவர் கந்தப்பளை என்றார். மேலிடம் அங்கே டிப்போ இல்லையே, நுவரெலியா டிப்போவாக இருக்கும் என்றது. டிப்போவுக்குப் போன் போட்டார்கள். எங்கள் கண்டக்டர் யாரும் கடலில் இல்லை என்று டிப்போக்காரர் சத்தியம் பண்ணினார். இந்த வழக்கு தீர்வதற்குள் படகுகள் விளிம்பு தட்டுகிற மீனோடு கரைக்கு வந்து, மீன் விற்றும் போய்விட்டது. இனி மூடினால் இந்தக் கண்டக்டர் விவகாரத்தை எழுத்தில் விளக்க வேண்டும் என்று யாருக்கோ பயம் வந்திருக்க வேண்டும். சாயங்காலமே திறக்கும் உத்தரவு வந்தது, முதல்நாள் தேதி போட்டு.

பிணை தீர்ந்தது, நீங்கள் போகலாம் என்று மரியாக்கா சொன்னாராம். கண்டாக்கு மூட்டையைக் கட்டிவிட்டு, அடுத்த கவ்வாத்துக்கு யார் பெரட்டு போடுவது என்று கேட்டாராம். மூட்டையை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

பார் திறந்த அன்று பிடித்த மீனில் எனக்கு ஒரு பங்கு அனுப்பினார். தெர்மோகோல் மாதிரியான ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, பஸ் மாற்றி பஸ் ஏற்றி. ஐஸ் எந்த ஊரில் உருகியதோ தெரியாது. பஸ் நுவரெலியாவுக்குள் நுழையும்போது ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன, அந்தக் குளிரில். கண்டக்டர் பெட்டியை என் கையில் கொடுக்கவில்லை, காலால் தள்ளினார். வீட்டுக்குக் கொண்டுபோனால் நாயே எழுந்து போய்விட்டது. குழி வெட்டிப் புதைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது போன்.

"மீனு எப்பிடி தம்பி இருந்துச்சு?"

"ஐயா, இப்படி ஒரு மீனை நான் பிறந்ததிலிருந்து கண்டதில்லை" என்றேன். அதில் பொய் இல்லை.

"அப்ப நான் தொறந்தது சரிதானே தம்பி?" என்றார்.

அந்த மனிதருக்கு இத்தனை நாளும் அந்தச் சந்தேகம் இருந்துகொண்டே இருந்திருக்கிறது. "ரொம்பச் சரி ஐயா" என்றேன். "இன்னும் இருந்தால் அனுப்புங்கள்."

வாய் தவறிச் சொன்னது இல்லை. மாதா மாதம் அனுப்புகிறார். குழியை வெட்டி வைத்துவிட்டு, பஸ் வருவதற்கு முன்பே நான் போய் நின்றுகொள்கிறேன்.